தீர்ப்பு சொல்லாமல் இறங்கிய மேடை

பட்டிமன்றக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்திப் பழக்கமில்லாதவள் நான். தெரிந்துதானே கூப்பிட்டீர்கள், அனுபவியுங்கள்.

குரலை எங்கே ஏற்றுவது, எங்கே சிரிக்க வைப்பது, மைக்கை எவ்வளவு தள்ளி வைத்துக்கொள்வது, இதையெல்லாம் நான் சொல்லித் தரப்போவதில்லை. மேடை ஏற ஏற அது தானாக வரும். வராதவர்களுக்கு நான் சொன்னாலும் வராது. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் பகலெல்லாம் யார் லேட், யார் லீவு என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சாயங்காலமானால் வேறு புடவையைச் சுற்றிக்கொண்டு மேடைக்கு ஓடுவேன். பேச்சாளராகத் தொடங்கி நடுவராகி, இப்போது முட்டி ஒத்துழைக்காததால் காலடிப்பேட்டை வீட்டில் உட்கார்ந்து உங்களையெல்லாம் யூடியூபில் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் உங்களில் ஒருவர் கோபத்தையும் பழியையும் பற்றிப் பேசியதைப் பார்த்தேன். பெயர் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். நம் ஆட்களுக்கு அந்தத் தலைப்பு என்றாலே கொண்டாட்டம். நீதி கேட்டு அரண்மனை வாசலில் வந்து நின்ற பெண், அவமானப்பட்டுச் சபதம் போட்ட ராணி, தகப்பனைக் கொன்றவனைத் தேடித் தேடி அழித்த மகன் என்று பழைய காவியங்களில் சரக்குக்கா பஞ்சம்? கையைத் தூக்கி, கண்ணை உருட்டி, குரலை இடித்தால் விசில் பறக்கும். நானும் அப்படிப் பேசியவள்தான்.

எனக்கு மேடை பழக்கிய நடுவர் ஒருவர் இருந்தார். நான் பழியின் பக்கம் நின்று அந்த ராணியின் சபதத்தை முழங்கிவிட்டு, கைதட்டல் ஓயும் முன்பே ராணி மாதிரியே வந்து உட்கார்ந்தேன். அவர் என் பக்கம் சாய்ந்து, மைக்கில் விழாமல் கேட்டார்.

“சபதம் முடிஞ்ச அன்னிக்கி அந்தப் பொண்ணு தூங்கிச்சாம்மா?”

எந்தப் பெண் என்று முழித்தேன்.

“நீ பேசினியே, அந்தப் பொண்ணுதான். கைதட்டு வந்ததும் நீ உக்காந்துட்ட. கதை எழுதின ஆளு அங்க உக்காரலையே.”

அவர் சொன்னது நிஜம். சபதம் நிறைவேறிய அன்று இரவே அவளுடைய பிள்ளைகளைத் தூக்கத்திலேயே வெட்டிப் போடுகிறார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் அங்கே போகாமல் நிறுத்தியிருந்தேன். அங்கே போனால் விசில் வராது.

அதற்குப் பிறகு அந்தக் கதைகளையெல்லாம் கைதட்டல் இடங்களைத் தாண்டிப் படிக்கத் தொடங்கினேன். ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. கோபப்படுகிறவர்களைப் புலவர்கள் வெளிச்சத்தில் நிறுத்துகிறார்கள். அவர்கள் வாசலுக்கு வருவார்கள், முகத்தைக் காட்டுவார்கள், ‘இது நியாயமா, பதில் சொல்’ என்று கேட்பார்கள். எதிரே இருப்பவன் வாயைத் திறந்தால் நின்று கேட்கவும் செய்வார்கள். எவ்வளவு பெரிய கோபமானாலும் அதற்குள்ளே ஒரு கேள்வி இருக்கிறது. பழியில் அது கிடையாது. சபதம் போட்டாயிற்று என்றால் அந்த ஆள் காதைச் சாத்திக்கொள்கிறான். பதில் அவனுக்குத் தேவையில்லை. காத்திருக்கிறான், வேஷம் போடுகிறான், எதிரியிடமே சிரித்துப் பேசுகிறான், இருட்டுக்கு நேரம் பார்க்கிறான்.

கடல் கடந்த தேசத்துப் பழங்கதைகளில் எப்படி என்று பார்க்க மொழிபெயர்ப்பு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். தன் மகனைக் கொன்றவனுடைய கூடாரத்துக்கே ஒரு கிழ அரசன் தனியாகப் போகிறான். உடம்பையாவது கொடு என்று கேட்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு டைம் ஆபீசிலேயே அழுதேன். கேட்டவர்களிடம் கண்ணில் தூசி என்றேன். ஆலைச் சாம்பல் பறக்கிற எண்ணூரில் அதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

இதையெல்லாம் தீர்ப்புகளில் அழகாகச் சொல்லி நல்ல பெயர் வாங்கினேன். ஆனாலும் எனக்கு அது படித்த விஷயமாகத்தான் இருந்தது. காத்திவாக்கத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்துக்குப் போய்வந்த பிறகுதான் அது வேறு விஷயமாயிற்று. அந்த ஒரு சாயங்காலத்தைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

குப்பத்தின் பெயர் வேண்டாம். ஆடி மாதம், அம்மன் கோயில் திருவிழா. நான் நடுவராக இருந்த கடைசிச் சில வருடங்களில் ஒன்று. அந்த ஊர்த் தலைவரே எனக்குப் போன் செய்திருந்தார். திருவிழாக்காரர்கள் வழக்கமாக ‘குடும்பத்தைக் காப்பது கணவனா மனைவியா’ என்று எதையாவது வைத்துச் சிரிக்க வையுங்கள் என்பார்கள். இவர் தலைப்பைத் தானே தயாராக வைத்திருந்தார். ‘காவிய மாந்தருக்குப் பெருமை சேர்ப்பது கோபமா? பழி முடிக்கும் உறுதியா?’

“நல்ல இலக்கியத் தலைப்பா பிடிச்சிருக்கீங்களே” என்றேன்.

“ஊரு புள்ளைங்க நாலு நல்லது கேட்டுக்கட்டும்மா” என்றார். பிறகு, “கடைசில நீங்க தீர்ப்பு சொல்லுவீங்க இல்ல? கண்டிப்பா சொல்லுவீங்க இல்ல?” என்று இரண்டு தடவை கேட்டார்.

சொல்லாமல் எங்கே ஓடப்போகிறேன் என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தேன்.

விடியற்காலையில் படகு இறக்குகிற ஊர் என்பதால் வெயில் தாழ்ந்ததுமே நிகழ்ச்சியைத் தொடங்கிவிட்டார்கள். கோயிலுக்கு எதிரே மணலில் மேடை. பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் கரையேற்றி வைத்திருந்த ஃபைபர் படகுகளின் விளிம்பில் ஏறிக்கொண்டார்கள். சந்துக்குச் சந்து கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பவர் காதிலும் நாங்கள் பேசுவது விழுந்தே தீரும்.

கோபத்தின் பக்கம் எங்கள் குழுவின் வசந்தி பேசினாள். வீட்டுக்காரர் கோபத்தில் ஆரம்பித்து, பெண்களைச் சிரிக்க வைத்து, அப்படியே காவியத்துக்குள் கூட்டிக்கொண்டு போகிற கெட்டிக்காரி. கலகலப்பாகப் போயிற்று. அடுத்து பழியின் பக்கம் குமரன் எழுந்தான். வியாசர்பாடிப் பிள்ளை. குத்துச்சண்டை பழகியவன் என்பதால் மேடையிலும் முஷ்டியை மடக்கிக்கொண்டுதான் பேசுவான். நிறையப் படிப்பவன், குரலும் நல்ல குரல்.

“உறவைப் பறிகொடுத்தவன் உறங்கலாமா? ரத்தம் சிந்தியவனை மறந்துவிட்டுச் சோறு தின்னலாமா?” என்று அவன் கேட்டதும் கைதட்டல் எழுந்தது. ஆனால் இளவட்டங்கள் நின்ற ஒரு மூலையிலிருந்து மட்டும்தான் எழுந்தது. சற்றுமுன் சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் பேச்சுமூச்சில்லை. இன்னொன்றையும் பார்த்தேன். குமரன் முழங்க முழங்க, கூட்டம் அவனைப் பார்க்கவில்லை. தலைகளெல்லாம் பக்கவாட்டில் திரும்பி, ஒரு படகில் தனியாக உட்கார்ந்திருந்த ஓர் ஆளைப் பார்த்தன.

மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நடுவருக்குத் தனி நாற்காலி போடுவது பேச்சாளரைப் பார்ப்பதற்காக இல்லை. கூட்டம் எங்கே பார்க்கிறது என்று பார்ப்பதற்காக.

அந்த ஆளுக்கு நாற்பது வயதிருக்கும். கைகளைக் கோத்து முழங்காலுக்கு நடுவே வைத்துக் குனிந்திருந்தார். பின்னாலிருந்து ஒருவன் அவர் தோளைத் தட்டி மேடையைக் காட்டி, நன்றாகக் கேட்டுக்கொள் என்பதுபோல் தலையாட்டினான்.

மேடைக்குப் பின்னால் நின்ற ஊர்த் தலைவரைக் கையசைத்துக் கூப்பிட்டேன். வந்து குனிந்தார்.

“யாருங்க அது? எல்லாரும் ஏன் அவரையே பார்க்கிறாங்க?”

“செல்வம்னு பேரும்மா” என்றார். நான் விடவில்லை. சொன்னார்.

செல்வத்தின் தம்பி சுரேஷ், கல்யாணம் ஆகாத பிள்ளை. போன மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் மூழ்கிப் போய்விட்டான். அன்று அவனோடு படகில் போனவர் மாரி. அதே குப்பம், சின்ன வயதிலிருந்து கூட்டாளி. இரண்டு பேராகப் போய், மாரி மட்டும் திரும்பி வந்தார். வலை கிழிந்தது யாரால் என்று கரையிலேயே இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை நடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். துடுப்பால் அடித்துத் தள்ளிவிட்டார் என்று ஊர் பேசியது. போலீஸ் வழக்குப் போட்டது. வக்கீல் வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னதால் மாரி ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஜாமீனில் வெளியே வந்து, அந்த வாரம்தான் வீடு திரும்பியிருந்தார். கோயிலுக்குப் பின் சந்தில் அவர் வீடு.

“செல்வம் எதுனா செஞ்சிடுவானோனு ஊரே பயந்துகினு கீதும்மா. அவன் நல்லவன்தான். தோ அந்த மூலைல கீறானுங்களே, அவனுங்கதான் தினிக்கும் ஏத்தி விடறானுங்கோ. தம்பிய துன்னவன் வந்து வூட்ல ஒக்காந்துகினு கீறான், நீ இன்னா மாமு சும்மா கீறனு.”

“ஊர்ப் பஞ்சாயத்து என்ன பண்ணுது?”

“நாங்க இன்னா சொன்னாலும் ஒரு பக்கம் சாஞ்சிட்டோம்னு ஆயிடும். ரெண்டு வூடும் எங்களுக்கு சொந்தம். நீங்க வெளி ஆளு, படிச்சவங்கோ. மேடைல ஒரு தீர்ப்புனு வந்தா அத்த அவன் தட்டமாட்டான். பழி தப்புனு சொல்லிடுங்கம்மா. அதுக்குத்தாம்மா இந்த தலப்பே வச்சேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேசையையே அவர் மேல் கவிழ்த்திருப்பேன். என்னிடம் முன்னாலேயே சொல்வதற்கு என்ன? எதுவும் தெரியாமல் குமரனை அல்லவா அந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறேன்! அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மனிதர், என் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் தோளில் தூக்கி வளர்த்திருப்பார் போல. அதற்குமேல் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

தீர்ப்பு என்ற சொல்லை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அது நமக்கு நிகழ்ச்சியின் கடைசி அயிட்டம். இரண்டு அணியையும் பாராட்டிவிட்டு, ஒரு ஜோக் சொல்லி, ஒரு பக்கம் சாய்ந்து, வணக்கம் போட்டுவிட்டு ஆட்டோ பிடிப்போம். அந்தக் குப்பத்தில் அப்படியில்லை. அங்கே ஊர் கூடித் தீர்ப்பு சொன்னால் அதை மீறியவன் படகு இறக்க முடியாது, நல்லது கெட்டதுக்கு அவன் வீட்டுக்கு யாரும் போகமாட்டார்கள். தலைவர் அந்தச் சொல்லை அவர்கள் ஊர் அர்த்தத்தில் என்னிடம் கேட்டிருந்தார். நான் நம் அர்த்தத்தில் சரி என்று சொல்லியிருந்தேன்.

குமரன் இன்னும் ஏறிக்கொண்டே போனான். அவன் பேச்சு எனக்கு மனப்பாடம். இன்னும் கொஞ்ச நேரத்தில், பழி முடிக்காதவன் பிறந்ததே வீண் என்ற இடத்துக்கு வருவான். அங்கேதான் பெரிய விசில். மணியை அடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அதுவரை அவன் சொன்னது மட்டும் எல்லோர் காதிலும் நின்றுவிடும். மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

“குமரன், எனக்கு ஒரு சந்தேகம். சபதம் முடிஞ்சுது. அப்புறம் என்ன ஆச்சு?”

நடுவர் குறுக்கே பேசுவது வழக்கம்தான், ஆனால் இப்படி யாரும் கேட்கமாட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் கூட்டத்தின் பக்கம் கண்ணைக் காட்டினேன். அவனும் அப்போதுதான் அந்தத் தலைகளைக் கவனித்தான். மடக்கிய முஷ்டி இறங்கியது. புத்திசாலிப் பிள்ளை, மிச்சக் கதையைச் சொன்னான். ஜெயித்தவர்கள் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை என்றான். பெண்கள் களத்துக்கு வந்து எந்த உடம்பு யாருடையது என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள், பழி முடித்தவன் நாட்டை ஆள மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான் என்றான். குரலை ஏற்றாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவன் வாழ்க்கையிலேயே கைதட்டல் வாங்காத பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

அந்த அமைதியில் செல்வம் படகிலிருந்து இறங்கி மேடையை நோக்கி வந்தார்.

“அதெல்லாம் ராஜா வூட்டுக் கதம்மா. அவனுக்கு ஆயிரம் பேரு இருந்தாங்கோ. எனக்கு ஒர்த்தன்தான் இருந்தான். எனக்கு தீர்ப்பு சொல்லு. கோவமா, பழியா? நீ இன்னா சொல்றியோ அத்த செய்றேன்.”

மூலையில் நின்ற இளவட்டங்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். தலைவர் பின்னாலிருந்து, “சொல்லிடுங்கம்மா, சொல்லிடுங்கம்மா” என்று முணுமுணுத்தார்.

என்னிடம் தீர்ப்பு இல்லாமல் இல்லை. கோபம் நெருப்பு மாதிரி, பழி புகை மாதிரி என்று அழகான தமிழில் ஒன்று தயாராக இருந்தது. அந்த மனிதரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பழி தப்பு என்று நான் சொன்னால், தம்பியைப் பறிகொடுத்தவரை ஊர் முழுக்க ஸ்பீக்கர் கட்டி வாயை மூடச் சொன்னதாக ஆகும். இன்றைக்கு அடங்குவார், நாளைக்கு? பதில் எதுவும் கிடைக்காமல் அடங்கியவர் என்ன ஆவார் என்று நான் படித்திருந்தேன்.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இவர் இருட்டுக்குக் காத்திருக்கவில்லை. வெளிச்சத்தில், ஊர் முன்னால், முகத்தைக் காட்டிக்கொண்டு நின்று கேட்கிறார். இன்னும் கோபத்தில்தான் இருக்கிறார். சபதம் வரைக்கும் போகவில்லை. அப்படியென்றால் உள்ளே கேள்வி இருக்கிறது.

“தீர்ப்பு இருக்கட்டும். உங்க கேள்வி என்ன, அதச் சொல்லுங்க” என்றேன்.

“இன்னா கேள்வி?”

“மாரி இப்ப உங்க முன்னாடி வந்து நின்னா அவரை என்ன கேப்பீங்க?”

அதை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. என்ன செய்யப்போகிறாய் என்றுதான் எல்லோரும் கேட்டிருந்தார்கள். குமரன் மேடையிலிருந்து குதித்து இறங்கி, கையிலிருந்த மைக்கை அவர் வாயருகே பிடித்தான்.

“என் தம்பி மீனு மாதிரி நீஞ்சுவான்மா. தண்ணில எப்டி பூடுவான்? கூப்டானா? கடைசில எதுனா சொன்னானா? அது ஒன்னுதான். அத்த மட்டும் எவனும் எனக்கு சொல்லமாட்றான். போலீசும் சொல்லல, வக்கீலும் சொல்லல. கூப்டானா இல்லியானு தெரியாம நா எப்டிம்மா தூங்குவேன்?”

குழாய் ஸ்பீக்கர்கள் அந்தக் குரலைச் சந்துக்குச் சந்து கொண்டுபோய்ப் போட்டன. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சிறிது நேரத்தில் கோயிலுக்குப் பின்னாலிருந்து சலசலப்பு. மாரி வந்துகொண்டிருந்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, “வாணாம்யா, வக்கீலு சொன்னாரில்ல, வாணாம்யா” என்று கூடவே ஓடிவந்தார். படகுகளில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

என்றைக்காவது ஒரு பதில் வரட்டும் என்றுதான் நினைத்தேன், அப்போதே ஆளே வருவார் என்று நினைக்கவில்லை. அந்தச் சில நொடிகளில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கேள்வியை ஊர் கேட்டாயிற்று, பதிலை ஊர் கேட்கக் கூடாது. ஊர் கேட்டால் ஊர் தீர்ப்பு சொல்லும். சவுண்ட் செட்டுக்காரரைப் பார்த்து, “ஆஃப் பண்ணுங்க, மொத்தமா ஆஃப் பண்ணுங்க” என்று கத்தினேன். குமரனிடம், அந்தப் பையன்களின் போனை இறக்கச் சொன்னேன். அவன் போய் நின்ற விதத்தில் எல்லாப் போனும் பாக்கெட்டுக்குள் போயின. குத்துச்சண்டை வேறு எதற்குப் பயன்பட்டதோ தெரியாது, அன்று இதற்குப் பயன்பட்டது.

தீர்ப்புக்கு முன் நடுவர் நாற்காலியை விட்டு எழக் கூடாது என்பது நம் மேடை வழக்கம். எழுந்து, மணலில் இறங்கி, இரண்டு பேருக்கும் நடுவே போய் நின்றேன்.

“இவர் கேட்டது உங்க காதுல விழுந்துதா?” என்று மாரியிடம் கேட்டேன். “பதில் சொல்லியே ஆகணும்னு ஒன்னும் இல்ல. வக்கீலைக் கேட்டுட்டுக்கூட வரலாம்.”

“அத்தினி நாளு தாங்காதும்மா” என்றார். செல்வத்தைப் பார்த்தார். “நா அடிக்கல செல்வம். போட்ல வாய்ச்சண்ட. அவன் என்னத் தள்ளினான், நா அவனத் தள்ளினேன். வியுந்துட்டான். கோவத்துல போட்ட எடுத்துகினு பூட்டேன். நீஞ்சி வரட்டும்னு. நீயும் செஞ்சிகீற. நாம அல்லாருமே செஞ்சிகீறோம்.”

அது அந்தக் குப்பத்துக்காரர்களுக்குத்தான் புரியும். நடுத் தண்ணீரில் சண்டை வந்தால், கரை பக்கமாகத்தான் இருக்கிறது என்றால், ஒருவனை இறக்கிவிட்டுப் படகோடு போய்விடுவது அங்கே சகஜமாம். விட்டவன் கரையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, விடப்பட்டவன் சொட்டச் சொட்ட நடந்து வந்து அம்மா ஆத்தா என்று திட்டிவிட்டு இன்னொரு டீ சொல்லுவானாம். அங்கே நீந்தத் தெரியாதவன் எவனுமில்லை என்பதால் யாருக்கும் அது தப்பாகவே படவில்லை.

செல்வம் மறுக்கவில்லை. “கூப்டானா?” என்று மட்டும் கேட்டார்.

“கூப்டான்.”

மாரியின் மனைவி முகத்தை மூடிக்கொண்டார்.

“சிரிச்சிகினே கூப்டான் செல்வம். டேய் மாரி, போட்ட திருப்புடா, ஒங்கம்மாகிட்ட சொல்லிக் குடுக்கறேன்னு சிரிச்சிகினே கூப்டான். அதான் நா திரும்பல. அயுதிருந்தா திரும்பிருப்பேன். கொஞ்சம் கய்ச்சி வந்து பாத்தேன், ஆளக் காணோம். அடில ஒரே சேறு, கால் மாட்டுனா வுடாது. பொயுது போற வரைக்கும் முங்கி முங்கித் தேடினேன். கை நெறைய சேறுதான் வந்துச்சு.”

“சிரிச்சானா?” என்றார் செல்வம்.

“சிரிச்சான்.”

செல்வத்தின் கை எழுந்தது. ஓங்கி ஓர் அறை. மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. மாரி நகரவில்லை. படகுப் பக்கமிருந்து நாலு பேர் பாய்ந்து வந்தார்கள். நான் இரண்டு கையையும் விரித்து நின்றேன். இவர்களை நான் எப்படித் தடுக்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அடித்த கை திரும்ப எழவில்லை. மாரியின் சட்டைக் காலரைப் பிடித்தபடி அப்படியே நின்றது.

“அவன் அப்டித்தான்டா” என்றார் செல்வம். “எதுக்கெடுத்தாலும் சிரிப்பான். எங்கப்பன் செத்தப்பகூட எதையோ சொல்லி என்ன சிரிக்க வச்சான்டா.” சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்து அழுதார். மாரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். ஒருவரையொருவர் தொடவில்லை, பேசவில்லை. கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன்.

தலைவர் என்னிடம் வந்து, கூட்டம் கலையாமல் உட்கார்ந்திருக்கிறது, ஏறித் தீர்ப்பு சொல்லிவிடுங்கள் என்று கேட்டார். மாட்டேன் என்றேன். கேட்ட தலைப்புக்குத் தீர்ப்பு சொல்லாமல் நான் இறங்கிய மேடை அது ஒன்றுதான். ஒருவரும் குறை சொல்லவில்லை.

நான் செய்ததெல்லாம் சரி என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். அந்த அறை வேறு மாதிரி முடிந்திருந்தால் இன்று நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க முடியாது. மாரி அன்று சொன்னதையே பிறகு கோர்ட்டிலும் சொன்னார். அது அவருக்கு நல்லதா கெட்டதா என்பது வக்கீல்களுக்குத்தான் தெரியும். வழக்கு இன்னும் நடக்கிறது.

குமரன் இப்போது பெரிய பேச்சாளர், உங்களுக்கே தெரியும். அன்று மேடையை விட்டுக் கிளம்பும்போது முகம் வெளிறிப்போய் என்னிடம் கேட்டான். “அக்கா, நீங்க குறுக்க பேசலன்னா நா அந்தக் கடைசி வரிய சொல்லிருப்பேன். சொல்லிருந்தா?” எனக்குத் தெரியவில்லை என்றேன். அதற்குப் பிறகும் அவன் பழியைப் பற்றிப் பேசுகிறான், இடி மாதிரிதான் பேசுகிறான். ஆனால் கதையை முடிக்காமல் உட்காருவதில்லை. உங்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். தலைப்பைக் கேட்டால் ஊரையும் விசாரியுங்கள். காவியத்தைக் கைதட்டலில் நிறுத்தாதீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவருக்கு அது காவியமாக இல்லாமல் இருக்கலாம்.

அன்று நான் ஆட்டோ ஏறப் போகும்போது செல்வம் வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார்.

“தீர்ப்பு சொல்லாமயே போறியேம்மா.”

“இன்னும் வேணுமா உங்களுக்கு?”

கொஞ்சம் யோசித்தார்.

“வாணாம்மா. கோவம் கீது. அது போவாது. அது என் தம்பிக்கோசரம் இருந்துட்டுப் போவட்டும். ஆனா இன்னிக்கி போய் படுப்பேன்.”